ஆறு வயது வரை காத்திருக்கும் சட்டம்

சென்னை அடையாறில் உள்ள பாலவித்யாலயா பள்ளியில் குழந்தையை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட முடியாது. காது கேளாத சிறு குழந்தைகளுக்காக 1969-இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. கைக்குழந்தையைக்கூடச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால், பிள்ளையோடு அம்மாவும் வகுப்பில் உட்கார வேண்டும். காதுக் கருவியை ஆசிரியர் எப்படிப் பொருத்துகிறார், ஒரே சொல்லை எத்தனை விதமாகப் பிள்ளையின் காதுக்குக் கொண்டுபோகிறார் என்றெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டு, சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் வீட்டில் அவரும் அதையே செய்ய வேண்டும். ஐந்து வயதை ஒட்டி அந்தப் பிள்ளை அங்கிருந்து கிளம்பிவிடும். போவது இன்னொரு சிறப்புப் பள்ளிக்கு அல்ல. தெருவிலுள்ள மற்ற பிள்ளைகள் படிக்கும் சாதாரணப் பள்ளிக்கு.

இந்த நாட்டின் சட்டமோ மாற்றுத்திறன் குழந்தையின் கல்விக்கு அதற்கும் ஓராண்டு கழித்துத்தான் பொறுப்பேற்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல வகையில் பெரிய முன்னேற்றம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை அது 21 ஆக விரித்தது. ஆட்டிசத்துக்கும் தசைச் சிதைவுக்கும் இடம் கொடுத்தது. ஆனால், இலவசக் கல்வியை உரிமையாக்கும் அதன் 31-ஆவது பிரிவு 6 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் ஆறில்தான் தொடங்குகிறது. மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி தர அரசு விரும்பினால் ஏற்பாடு செய்யலாம் என்று அதன் 11-ஆவது பிரிவு விட்டுவிடுகிறது. ஆறு வயதுக்குட்பட்டோரின் கல்வி அரசியலமைப்பின் 45-ஆவது கூறில் இருக்கிறது. அது அரசு முயல வேண்டிய ஒரு நெறி. நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய உரிமை அல்ல.

இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிய ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கச் சொல்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. யாரைக் கணக்கெடுப்பது என்றால், பள்ளி செல்லும் குழந்தைகளை. வீட்டில் பாயில் படுத்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளை அந்தக் கணக்கில் வராது. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று 25-ஆவது பிரிவு சொல்வது ஓர் ஆறுதல். ஆனால் கண்டறிந்த பின் அந்தப் பிள்ளைக்கு யார், எங்கே, வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி தருவார்கள் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஆறு என்ற எல்லை சாதாரணக் குழந்தைக்கே தாமதம்தான். மாற்றுத்திறன் குழந்தைக்கு அது பல நேரங்களில் ஈடுகட்ட முடியாத இழப்பு.

செவித்திறனை எடுத்துக்கொள்வோம். ஒலியைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி, ஒலி வந்தால்தான் வளரும். அமெரிக்காவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் அவரது குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, பிறந்து ஆறு மாதத்துக்குள் செவித்திறன் குறைபாடு கண்டறியப்பட்டுப் பயிற்சி தொடங்கிய குழந்தைகள், அதற்குப் பின் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித்திறனில் தெளிவாக முன்னே நிற்பதைக் காட்டியது. 2002-இல் அனு ஷர்மா குழுவினர் செய்த ஆய்வு இன்னும் துல்லியமானது. உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியை மூன்றரை வயதுக்குள் பொருத்திக்கொண்ட குழந்தைகளின் மூளை, கேட்கும் திறனுள்ள குழந்தைகளின் மூளையைப் போலவே ஒலிக்கு எதிர்வினை தந்தது. ஏழு வயதுக்குப் பின் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு அது நடக்கவில்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்று உலகெங்கும் செவியியல் நிபுணர்கள் சொல்லும் கால அட்டவணை இத்தகைய அறிவிலிருந்து பிறந்தது. ஆறு மாதம் என்று அறிவியல் சொல்ல, ஆறு வயது என்று சட்டம் சொல்கிறது.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் நிலை இன்னும் கண்கூடானது. மூளையில் ஏற்பட்ட சேதம் அதன்பின் பெருகுவதில்லை. பெருகுவதெல்லாம் கவனிக்காமல் விடுவதன் விளைவு. சரியான நிலையில் உட்காரவைக்காத பிள்ளையின் தசைகள் இறுகுகின்றன, இடுப்பு மூட்டு நழுவுகிறது, முதுகுத்தண்டு வளைகிறது. மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் சோறு புரையேறி நுரையீரலுக்குள் போகிறது. அடிக்கடி சளி, காய்ச்சல், எடைக் குறைவு. முதுகுக்கு அணைப்புக் கொடுக்கும் ஒரு மர நாற்காலி, தலையை நிமிர்த்திப் பிடித்து ஊட்டும் முறை, நாளுக்குச் சில முறை கால்களை நீட்டிவிடும் பயிற்சி ஆகியவற்றை முதல் வயதிலேயே ஒரு தாய்க்குச் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பத்து வயதில் அறுவை சிகிச்சை அறையில் போய் நிற்க நேரிடும்.

ஆட்டிசம் கண்ணுக்குத் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்ற அடையாளங்கள் ஒன்றரை வயதிலேயே தெரியத் தொடங்கும். அப்போது குடும்பத்தில் என்ன சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். “அவங்க அப்பாவே மூணு வயசுக்கு அப்புறம்தான் பேசினான்.” “ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்.” நாக்கில் வசம்பு தடவச் சொல்வார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொல்வார்கள். சில மருத்துவர்களும்கூட, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் அந்த ‘கொஞ்சம்’ இரண்டு ஆண்டுகளாகிவிடுகிறது.

எத்தனை குழந்தைகள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆறு வயது வரையிலான மாற்றுத்திறன் குழந்தைகள் 20.42 லட்சம், அந்த வயதினரில் 1.24 விழுக்காடு. 2018-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு வேறு உண்மையைச் சொல்கிறது. பல்வல், காங்ரா, தேன்கானல், வட கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள ஏறத்தாழ நான்காயிரம் குழந்தைகளை வல்லுநர்கள் நேரடியாகச் சோதித்தார்கள். பார்வை, செவித்திறன், பேச்சு, அறிவு வளர்ச்சி, கற்றல், வலிப்பு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், கவனக் குறைவு ஆகிய ஒன்பதில் ஏதேனும் ஒன்றாவது ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு இருந்தது. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும் கேள்விக்குச் சொல்லப்படும் பதிலும், பயிற்சி பெற்ற கண் காண்பதும் ஒன்றல்ல. இரண்டின் வரையறைகளும் வேறு என்பது உண்மைதான். அதைக் கழித்துப் பார்த்தாலும், நம் கண்ணில் படாத குழந்தைகளே அதிகம்.

தமிழ்நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. இந்தத் துறையில் இந்தியாவுக்கே வழிகாட்டிய பணிகள் சில இங்கிருந்து எழுந்தவை. மாற்றுத்திறன் குழந்தையின் தாயான பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். தியாகராய நகரில் 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக ‘உபநயன்’ என்ற பயிற்சி முறையை வளர்த்தெடுத்தது. உடல் இயக்கம், தன்வேலை, மொழி, அறிதல், பழகுதல் என்று ஐந்து துறைகளில் குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்த்து, அடுத்த சிறிய படி எது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லித்தரும் முறை அது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005-இலிருந்து இயங்குகிறது. ஆரம்பநிலைப் பயிற்சிக்கென்றே அங்கே ஒரு மையம் 2021-இல் திறக்கப்பட்டது. மாநில மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, தொண்டு நிறுவனங்கள் வழியாக ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களை நடத்துகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான காக்ளியர் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இப்போது திறக்கப்பட்டு வருகின்றன.

இவ்வளவும் இருந்தும் ஒரு தாய் ஏன் அலைகிறார்?

முதல் காரணம், கண்டுபிடிக்கும் துறை ஒன்று, பயிற்சி தரும் துறை இன்னொன்று, பிள்ளை தினமும் போகும் இடம் மூன்றாவது துறையுடையது, ஆறு வயதுக்குப் பின் சேரும் பள்ளி நான்காவது துறையுடையது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை வந்து, பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு பிரிவுகளில் குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். ஐயம் இருந்தால் மாவட்ட மருத்துவமனையிலுள்ள இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டோடு சுகாதாரத் துறையின் வேலை பாதி முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை மையத்துக்குப் போனதா, பயிற்சி தொடங்கியதா, பாதியில் நின்றதா என்பதை அங்கன்வாடி அறியாது. அங்கன்வாடியில் எழுதிய விவரம் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரின் கைக்குப் போவதில்லை. பள்ளியில் சேரும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாவது காரணம், தூரம். மையங்கள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரிலோ அதை ஒட்டியோ இருக்கின்றன. கழுத்து நிற்காத நான்கு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போய், முக்கால் மணி நேரப் பயிற்சி முடித்து, மறுபடி இரண்டு பேருந்து மாறி வர ஒரு நாள் முழுக்க ஆகிவிடும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் துணைக்கும் 2021-இலிருந்து கட்டணமில்லை என்பது இந்தத் தாய்மார்களுக்குப் பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைய கூலி போய்விடுகிறது. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி என்றால் மூன்று நாள் கூலி. பயிற்சிக்கு வராமல் நின்றுபோகும் தாய்மார்களை ‘அக்கறையில்லாதவர்கள்’ என்று குறிப்பு எழுதுவது எளிது. அவர்கள் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பணம். அல்லது வீட்டில் காத்திருக்கும் இன்னொரு கைக்குழந்தை.

காக்ளியர் சிகிச்சையில் இந்தச் சிக்கல் துலக்கமாகத் தெரிகிறது. அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிகிறது. அதற்காகும் லட்சக்கணக்கான ரூபாயை அரசு கொடுத்துவிடுகிறது. ஆனால் கருவி பேச்சைத் தருவதில்லை. ஒலியை மட்டுமே தருகிறது. ஒலியைச் சொல்லாக்க, வாரம் தவறாமல் ஓராண்டுக்கும் குறையாத கேட்புப் பயிற்சி வேண்டும். அதைத் தரும் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாவிட்டால், கருவியின் மின்கலம் தீர்ந்தால் மாற்றிக்கொடுக்க ஆளில்லாவிட்டால், அவ்வளவு செலவும் பீரோவுக்குள் போய்விடும்.

மூன்றாவது காரணம் ஆள். தமிழ்நாட்டின் 54,439 அங்கன்வாடி மையங்கள் ஏறக்குறைய எல்லாக் கிராமங்களையும் தொடுகின்றன. வேறெந்தத் துறைக்கும் இப்படியொரு கட்டமைப்பு கிடையாது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை ஒன்றை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. குறைபாட்டை ஆரம்பத்திலேயே கண்டறிவது, அந்தக் குழந்தையையும் குடும்பத்தையும் மையத்தின் நிகழ்ச்சிகளில் சேர்த்துக்கொள்வது, மருத்துவக் குழுவுக்குப் பரிந்துரைத்துத் தொடர்வது என்று அது படிப்படியாகச் சொல்கிறது. நல்ல ஆவணம்தான். ஆனால் செய்ய வேண்டியவர் யார்? எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, உணவு சமைக்கப்படுவதைக் கவனித்து, கைப்பேசிச் செயலியில் எல்லாவற்றையும் பதிந்து, இடையில் வாக்காளர் பட்டியல் வேலையும் பார்க்கும் அதே பணியாளர். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை இருபது பிள்ளைகளின் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அலறும்போது, சில நாள் பயிற்சியை நம்பி அவரால் என்ன செய்ய முடியும்? “கொஞ்சம் பெரியவனானதும் கூட்டிட்டு வாம்மா” என்கிறார். அதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது.

பள்ளிகளுக்காவது ஓர் அளவுகோல் இருக்கிறது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்ற விகிதத்தைச் சொன்னது. அந்த விகிதத்தையே பள்ளிகள் இன்னும் எட்ட வேண்டியிருக்கிறது. சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறார்கள். அங்கன்வாடிக்கோ அப்படி ஒரு விகிதமே கிடையாது.

வழி இல்லாமல் இல்லை. அதைக் காட்டியதும் தமிழ்நாட்டுக் கிராமம்தான். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். கடற்படை அதிகாரிக்கான தேர்வில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர்; 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த அமைப்பு ஒரு முடிவெடுத்தது: குழந்தை மையத்துக்கு வருவதற்குப் பதில் பயிற்சி குழந்தையின் வீட்டுக்குப் போகட்டும். உள்ளூர்ப் பெண்களுக்கு மறுவாழ்வுப் பணியாளராகப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய் அம்மாவோடு தரையில் உட்கார்ந்து பயிற்சி தருகிறார்கள். பிள்ளையின் நிலையை ஒரு செயலியில் பதிகிறார்கள். இயன்முறை, பேச்சு, தொழில்வழி சிகிச்சை நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்த இலக்கைத் தீர்மானிக்கிறார்கள், அவ்வப்போது நேரிலும் வருகிறார்கள். அரிதாகக் கிடைக்கும் நிபுணரின் நேரம் பேருந்தில் கரையாமல் பல குழந்தைகளுக்குப் பங்கிடப்படுகிறது. பயிற்சியும் அந்த வீட்டுத் திண்ணைக்கும் அந்த வீட்டுத் தட்டுக்கும் ஏற்றபடி அமைகிறது. மாதிரி நாற்காலியில் சாப்பிடக் கற்ற பிள்ளை வீட்டுத் தரையில் திணறும் சிக்கல் இங்கே எழாது.

வீட்டிலேயே பயிற்சி என்பது புதிதும் அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் 1969-இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்றுநர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, அந்த வாரத்துக்கான ஒரு சிறு இலக்கைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டுப் போவார். சிதறிக்கிடக்கும் பண்ணை வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஓரிடத்துக்குக் கொண்டுவர முடியாத ஊர் அது. அந்த முறை பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியது.

அமெரிக்கச் சட்டத்தின் கதையும் நமக்குப் பாடம். மாற்றுத்திறன் குழந்தைகள் அனைவருக்கும் கல்வி என்ற சட்டம் அங்கே 1975-இல் வந்தது. ஆனால் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைத் தவிர்க்க மாநிலங்களுக்கு அதில் வழி இருந்தது. 1986-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த வழியை அடைத்தது. மூன்று வயது முடிந்த ஒவ்வொரு மாற்றுத்திறன் குழந்தைக்கும் பொதுப் பள்ளி நிர்வாகமே இலவசச் சிறப்புக் கல்வி தர வேண்டும்; இல்லையென்றால் அதற்கான மத்திய நிதி நின்றுபோகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குடும்பத்தை மையமாகக் கொண்ட தனித் திட்டம். குழந்தையைப் பற்றித் தகவல் வந்த 45 நாளுக்குள் சோதித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போட்டாக வேண்டும். மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்னரே, அடுத்து யார் பொறுப்பேற்பது என்பதைப் பேசி முடிக்க வேண்டும். மத்திய அரசு தருவதாகச் சொன்ன நிதிப் பங்கை ஒருபோதும் முழுதாகத் தந்ததில்லை என்ற குறை அங்கே இன்றும் உண்டு. ஆனாலும் அங்கே ஒரு தாய் ‘என் பிள்ளைக்கு இது சேர வேண்டியது’ என்று கேட்கலாம். இங்கே அவர் ஒரு நல்ல தொண்டு நிறுவனம் பக்கத்தில் இருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சிறு வயதிலேயே குறைபாட்டின் பெயரை ஒட்டிவிடுவோமோ என்ற தயக்கம் பெற்றோருக்கு இருப்பது இயல்பு. அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் ஒன்பது வயது வரை ‘வளர்ச்சித் தாமதம்’ என்ற பொதுவான அடிப்படையிலேயே ஒரு குழந்தைக்குப் பயிற்சி தர மாநிலங்களால் முடிகிறது. நம்மிடம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு தரும் உரிமைகூட 40 விழுக்காடு குறைபாடு என்று சான்று பெற்றவர்களுக்கே. இரண்டு வயதுப் பிள்ளையின் பேச்சுத் தாமதத்துக்கு விழுக்காடு போட எந்த மருத்துவரும் தயங்குவார், தயங்கவும் வேண்டும். பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று அரசு ஓர் ஆணை போட்டாலே பல மாத அலைச்சல் மிச்சமாகும். தாமதத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவியும் வேண்டியதில்லை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய அட்டவணையில் இரண்டு வயது வரை பார்க்க வேண்டியவை 17 மட்டுமே. குழந்தையின் வயதுக்கு நேராக ஓர் அளவுகோலை வைத்து, அதற்கு இடப்புறம் உள்ளவற்றைக் குழந்தை செய்கிறதா என்று பார்த்தால் போதும். சில நிமிட வேலை.

சட்டத்தில் ஆறு என்று இருப்பதைப் பிறப்பு முதல் என்று திருத்த வேண்டியது நாடாளுமன்றம். அதற்கான குரல் தமிழ்நாட்டு உறுப்பினர்களிடமிருந்து எழ வேண்டும். ஆனால் மாநில அரசு அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது, அங்கன்வாடிகளை நடத்துவது மாநிலம், மருத்துவமனைகளும் மாநிலத்துடையவை. அங்கன்வாடித் தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஆரம்பநிலைச் சிறப்புக் கல்வி படித்த ஒரு பயிற்றுநரை நிரந்தரப் பணியிடத்தில் அமர்த்தலாம். அவருக்குக் கீழே ஆய்க்குடியில் உள்ளதைப் போல ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போகலாம். மையத்துக்கு வந்தே தீர வேண்டிய நாட்களுக்குத் தாய்க்கு அன்றைய கூலியை ஈடாகத் தரலாம். மருத்துவக் குழு எழுதும் சீட்டு, இடையீட்டு மையம் போடும் திட்டம், அங்கன்வாடியின் குறிப்பு எல்லாம் ஒரே எண்ணில் ஒரே பதிவாக, பிள்ளை ஐந்து வயதை முடிக்கும் கோடை விடுமுறைக்குள் அது சேரப்போகும் பள்ளியின் தலைமையாசிரியர் மேசைக்குப் போகலாம். சமூக நலம், சுகாதாரம், மாற்றுத்திறனாளிகள் நலம், பள்ளிக் கல்வி ஆகிய நான்கு துறைகளின் செயலாளர்களும் கையெழுத்திட்ட ஒரே அரசாணை இதற்குப் போதும். வரும் நிதிநிலை அறிக்கையின் மானியக் கோரிக்கைகள் பேரவைக்கு வரும்போது, ஆறு வயதுக்குட்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கு எந்தத் துறையின் கணக்கில் எவ்வளவு தொகை என்று உறுப்பினர்கள் கேட்கட்டும். அந்தத் தலைப்பில் தனிக் கணக்கே இல்லையென்றால், அதை இந்த ஆண்டே திறக்கச் சொல்லட்டும்.